கேள்வி கேட்கப் போய்ப் போட்ட பொன்னாடை

கோட்டையூரைத் தாண்டிப் புதுவயல் போகிற ரோட்டில் இடது கைப் பக்கம் எங்கள் பொட்டல் இருந்தது. செம்மண் தரை. மழை பெய்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். வெயில் காலத்தில் விழுந்தால் முழங்கால் தோல் போய்விடும். புட்பால் ஆட வடக்கே ஒரு கோல், தெற்கே ஒரு கோல். தெற்குக் கோலுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். மரத்துக்கும் கோல் வலைக்கும் நடுவில் ஏழெட்டு அடி இடம் இருக்கும். இருபது வருடத்துக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு நான் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன்.

மற்ற இடங்களில் எனக்கு வாய் வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டைக்கு வாய் தைக்கிற வேலை. கையில் பிடித்துத் தைக்கிற மிஷின் அது. அது போடுகிற இரைச்சலில் பக்கத்து ஆளோடு பேச வேண்டிய கட்டாயம் இல்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று. பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பில் டிரைவர் நிறுத்தாமல் போனால், சத்தம் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். இப்போதும் அப்படித்தான்.

ஆனால் தெற்குக் கோலுக்குப் பின்னால் நின்றால் மட்டும் தொண்டை திறந்துகொள்ளும். அது எப்படி என்று எனக்கே தெரியாது. எங்கள் டீம் கீப்பர் அரியக்குடிக்காரன். நான் வேலை பார்க்கிற மில்லிலேயே லோடுமேன். பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இடது பக்கம் பின்னால் வருகிற ஆளை அவன் கவனிக்கமாட்டான். அது ஒன்றுதான் அவனிடம் குறை. நான் வலைக்குப் பின்னால் நின்று, "இடது! இடது! ஆளு வாரான்!" என்று கத்துவேன். அவன் திரும்பிப் பார்க்காமலே இரண்டு எட்டு நகர்வான். மறுநாள் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டு போகும்போது, "அண்ணே, நீங்க பின்னாடி நின்னா எனக்கு முதுகுல ரெண்டு கண்ணு" என்பான். நான் சிரித்துவிட்டு மிஷினைப் போட்டுவிடுவேன்.

ஒருமுறை என் மனைவி கோயிலுக்குப் போய்விட்டு அந்த வழியாக வந்திருக்கிறாள். நான் கத்துவதைக் கேட்டு ரோட்டிலேயே நின்றுவிட்டாள். "வீட்டுல உப்பு பத்தலைண்டு சொல்லக்கூட வாய் வராத மனுசன். அது உங்க தொண்டையா, கடன் வாங்கின தொண்டையா?" என்று ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கிளப்பை ஆரம்பித்து நடத்தியவர் கோட்டையூரில் பெரிய வீட்டுக்காரர் ஒருவர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அவரை அப்பச்சி என்பார்கள். கேட்டுக் கேட்டு நாங்களும் அப்பச்சி என்றே சொன்னோம். பொட்டல் அவர்கள் குடும்பத்துச் சொத்து. ஆட்டம் நடக்கும்போது ஒரு மடக்கு நாற்காலி போட்டு நடுக்கோட்டுக்கு நேரே உட்கார்ந்திருப்பார். கோல் விழுந்தால் கைதட்டமாட்டார், மேல்துண்டை எடுத்து மறு தோளில் போடுவார். அதைப் பார்த்துத்தான் நாங்கள் சத்தம் போடுவோம். அவர் காலமான பிறகு சிங்கப்பூரில் இருக்கிற மகன் இரண்டு வருடம் பார்த்தார். பிறகு கிளப்பை மட்டும் சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். பொட்டல் அப்போதும் குடும்பத்தின் பேரில்தான் இருந்தது.

முதலில் நாங்கள் சந்தோஷப்பட்டோம். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும். ஆட்டக்காரர்களுக்குப் புது பூட்ஸ் வந்தது. வெளியூர் ஆட்டத்துக்குப் போக வேன் வந்தது. தலைவலி மாத்திரைக்கே ஓடிக்கொண்டிருந்த டீமுக்கு, சுளுக்குக்கும் வலிக்கும் வைத்தியம் பார்க்கத் தனியாகப் பிசியோ ஒருவர் வந்தார். கம்பெனியின் புது முதலாளி வயதில் சின்னவர், முப்பத்தைந்து இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லோருக்கும் கைகொடுத்தார். என் கையையும் பிடித்துக் குலுக்கினார். கையில் தவிட்டு வாசம் இருக்குமே என்று நான் வெட்கப்பட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மாறியது. எங்கள் டீமின் அரக்குக் கலர் சட்டை போய் ஆகாய நீலம் வந்தது. பதினோரு வருடம் சம்பளம் வாங்காமல் பழக்கிவிட்ட டிரில் வாத்தியாரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உள்ளூர் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேரை நிறுத்தினார்கள். வந்த புதுப் பையன்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் ஆட்டம் முடிந்ததும் நேரே வேனில் ஏறிவிடுவார்கள். யார் பேர் என்ன என்று எங்களுக்குப் பழகவே இல்லை.

பொட்டலுக்கு எதிரே இருந்த பரோட்டாக் கடையில்தான் எங்கள் பேச்செல்லாம். மாஸ்டர் கல்லுக்கு முன்னால் நின்றபடியே எல்லாவற்றிலும் வாயைக் கொடுப்பார். எங்களுக்குள் நன்றாகப் பேசுகிறவர் ஒரு பத்தர், காரைக்குடியில் நகைப் பட்டறை வைத்திருக்கிறார்.

"அரக்குக் கலரு போட்டோவுல எடுப்பா இல்லையாம்ல" என்றார் பத்தர்.

"ஆமா, இத்தன வருசமும் நம்மாளுக போட்டோவுக்குத்தான் ஆடுனாக" என்றார் மாஸ்டர். "நீலத்துல ஆடுறதப் பார்த்தா எனக்கு கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளுக மாதிரித் தெரியுது."

"வாத்தியார நிறுத்தினது தப்புய்யா. ஒரு வார்த்த கேக்கணும்."

"கேளுங்க. உங்கள யாரு பிடிச்சுக்கிட்டா? இங்குட்டு உக்காந்து என்கிட்ட கேட்டா நான் என்ன செய்ய, எனக்கு மாவுதான் பெசையத் தெரியும்."

இப்படித்தான் புது முதலாளியை நேரில் பார்த்துக் கேள்வி கேட்பது என்று முடிவானது. என் கையெழுத்து குண்டு குண்டாகத் தெளிவாக இருக்கும். மில்லில் மூட்டை மேல் எழுதி எழுதிப் பழகியது. அதனால் கேள்விகளை எழுதுகிற வேலை எனக்கு வந்தது. பத்தர் சொல்லச் சொல்ல எழுதினேன். சட்டைக் கலரை யாரைக் கேட்டு மாற்றினீர்கள், வாத்தியார் செய்த குற்றம் என்ன, உள்ளூர்ப் பிள்ளைகளை எடுப்பீர்களா, இப்படி ஆறு கேள்வி.

ஏழாவது கேள்வி என்னுடையது. அது ஏன் வந்தது என்று சொல்லவேண்டும்.

அதற்கு முந்திய வாரம் ஒரு காலையில் பஸ்ஸில் மில்லுக்குப் போகும்போது, பொட்டலில் இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். சாயங்காலம் திரும்பும்போது அங்கே இறங்கிப் போய்ப் பார்த்தேன். முளை அடித்துச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். பெரிய மைதானத்துக்கு அளந்த மாதிரித் தெரியவில்லை. சின்னச் சின்னதாக நான்கு கட்டம். ஒரு கயிறு என் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமாகப் போனது, மரம் வெளியே நின்றது.

மறுநாள் மில்லில் கீப்பரிடம் சொன்னேன். அவன் தோளில் இருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

"எங்களுக்கும் காதுல விழுந்துச்சுண்ணே. டீம மதுரைக்குக் கொண்டு போறாகளாம். என்னால போக முடியாது. எங்கம்மாவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் காரைக்குடி ஆஸ்பத்திரியில டயாலிசிஸ். இங்க ஆடுனா நான் கீப்பரு. அங்குட்டுப் போயிட்டா நான் வெறும் லோடுமேன்."

"நீ கேளேன்."

"ஆட்டக்காரங்க யாரும் கேள்வி கேக்கக்கூடாதுண்டு எழுதி வாங்கியிருக்காக. நீங்க போறீகள்ல? இத ஒண்ண மட்டும் கேட்டுருங்கண்ணே. இல்லைண்டு சொன்னாலும் சரி. தெரிஞ்சாப் போதும்."

நான் தலையை ஆட்டினேன். ஏழாவதாக எழுதினேன்: 'டீம் இந்தப் பொட்டலிலேயே தொடர்ந்து ஆடுமா?'

பத்தருக்கு அது பிடிக்கவில்லை. "எங்க போயிரப் போறாக? நல்லது பேசப் போற இடத்துல அச்சானியமா இத ஏன் கேக்கணும்?" என்றார். கயிறு கட்டியிருந்ததை நான் திக்கித் திணறிச் சொன்னேன். "புல்லு போடுறதுக்கு அளந்திருப்பாக" என்று சொல்லிவிட்டு, "சரி, எழுதினது எழுதினபடி இருக்கட்டும். அத நீங்கதான் கேக்கணும்" என்றார்.

அடுத்து ஒரு சிக்கல். பெரிய மனிதரை முதன்முதலாக நாமே தேடிப் போய்ப் பார்க்கிறோம், வெறுங்கையோடு எப்படிப் போவது? எங்கள் பக்கம் அது ஆகாது. துக்க வீட்டுக்குத்தான் கைவீசிக்கொண்டு போவார்கள்.

"எலுமிச்சம்பழம் போதும்" என்றார் ஒருவர்.

"பொன்னாடையா வாங்கிருவோம். பார்க்க எடுப்பா இருக்கும்" என்றார் பத்தர்.

மாஸ்டர் கரண்டியைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினார். "சண்டைக்குப் போறீகளா, சீர் கொண்டு போறீகளா? ஒண்ணச் சொல்லுங்கப்பா."

"சண்டைண்டு யாரு சொன்னா? மொதல்ல கேள்வியக் கேப்போம். பதிலு ஒழுங்கா வந்துச்சுண்டா எந்திரிச்சு நின்னு பொன்னாடையப் போடுவோம். வரலையா, பையோட திரும்பக் கொண்டு வந்துருவோம். கடைக்காரருகிட்ட பேசிட்டேன், பிரிக்காம இருந்தா மாத்திக்கிருவாரு."

நல்ல ஏற்பாடு என்றே எல்லோருக்கும் தோன்றியது. பேசத் தெரியாதவனுக்கும் ஒரு வேலை வேண்டும் என்று பையை என் கையில் கொடுத்தார்கள்.

கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவார்கள். அங்கேதான் முதலாளி எங்களை வரச்சொல்லியிருந்தார். பதினான்கு பேர் போனோம். வாசலில் நின்ற பையன், "செருப்போடயே வரலாங்க" என்று சொன்னான். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. காலடியில் குளிர்ச்சி ஏறியது. முதலாளி பூட்ஸ் போட்டிருந்தார்.

சுவரில் ஒரு திரை. அதில் நீல வட்டத்துக்குள் எங்கள் கிளப்பின் புதுச் சின்னம் ஓடிக்கொண்டிருந்தது. மானேஜர் என்று ஒருவர் இருந்தார், கழுத்தில் அட்டை தொங்கியது. நாங்கள் உட்காருவதற்கு முன்பே அவர் பார்வை என் கையில் இருந்த பையில் விழுந்துவிட்டது. கண்ணாடிக் காகிதத்துக்குள் சரிகை மின்னியது வெளியே தெரிந்தது.

"அடடா, சாருக்கு மரியாதை பண்ண வந்திருக்கீங்களா? முதல்ல அதை முடிச்சிடலாம், அப்புறம் நிதானமாப் பேசலாம். நல்ல வெளிச்சம் இருக்கு, போட்டோ எடுத்துக்கலாம்."

நான் பத்தரைப் பார்த்தேன். பத்தர் என்னைப் பார்த்தார். 'இப்ப இல்லைங்க, கடைசியில' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பை என் கையில் இருந்ததால் நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் முதலாளி எழுந்து, கையைக் கூப்பிக்கொண்டு, என் முன்னால் வந்து குனிந்துவிட்டார். குனிந்து நிற்கிற மனிதரை எவ்வளவு நேரம் அப்படியே நிற்க வைப்பது? என் கை தானாகவே காகிதத்தைப் பிரித்தது. பொன்னாடையை விரித்துத் தோளில் போட்டேன். பின்னால் இருந்த பதிமூன்று பேரும் கைதட்டினார்கள். பொன்னாடை போட்டால் கைதட்ட வேண்டும். அது பழக்கம். யாரும் யோசித்துத் தட்டவில்லை.

இரண்டு மூன்று முறை வெளிச்சம் வெட்டியது. "அண்ணே, கொஞ்சம் சிரிங்க" என்றார் மானேஜர். சிரித்தேன்.

அதோடு எங்கள் பேச்சு செத்துவிட்டது. ஒருவர் தோளில் பொன்னாடையைப் போட்டுவிட்டு, அதே தோளைப் பிடித்து ஏன் என்று உலுக்க முடியாது. பரோட்டாக் கடையில் மேசையைத் தட்டிப் பேசிய பத்தர் குரல் அங்கே வேறு மாதிரி வந்தது. நான் எழுதியிருந்தது 'யாரைக் கேட்டு மாற்றினீர்கள்' என்று. அவர் படித்தது, "சட்டைக் கலரைப் பத்தி ஐயா மனசுல என்ன இருக்குண்டு தெரிஞ்சுக்கிட்டா நாங்களும் சந்தோசப்படுவோம்" என்று.

முதலாளி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். முகம் சுளிக்கவில்லை, குரல் உயரவில்லை. திரையில் படம் மாறிக்கொண்டே வந்தது. முதல் வருடம், மூன்றாம் வருடம், ஐந்தாம் வருடம் என்று ஏணிப்படி மாதிரி வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு படிக்கும் இங்கிலீஷில் ஒரு பெயர். வாத்தியார் மேல் தனக்கு ரொம்ப மரியாதை என்றார். உள்ளூர்ப் பிள்ளைகள்தான் எதிர்காலம் என்றார். எல்லாம் நல்ல வார்த்தைகள். பிடித்துக்கொள்ள ஒரு முனை இல்லை. நடுவில் வெள்ளைப் பணியாரமும் காபியும் கொண்டுவந்து வைத்தார்கள். வாயில் பணியாரத்தை வைத்துக்கொண்டு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

ஆறு கேள்வி முடிந்தது. பத்தர் தாளை மடித்தார். பிறகு ஞாபகம் வந்து என் பக்கம் கையைக் காட்டினார். "இன்னும் ஒண்ணு இருக்குங்க. அத நம்ம அண்ணன் கேப்பாக."

முதலாளி பொன்னாடையோடு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "சொல்லுங்கண்ணே" என்றார்.

எழுந்து நின்றேன். தாள் பத்தர் கையில் இருந்தது, ஆனால் தாள் எனக்கு வேண்டியதில்லை. ஒரே வரி, நானே எழுதியது. கீப்பர் முகம் கண்ணுக்குள் இருந்தது. அந்த ஹாலில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். மில்லில் மிஷின் சத்தம் இருக்கும். பொட்டலில் எல்லோருமே கத்திக்கொண்டிருப்பார்கள். இவ்வளவு அமைதிக்கு நடுவில் நான் பேசியதே இல்லை.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றேன். "நல்லா இருக்கணும்."

மறுபடியும் கைதட்டினார்கள்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பத்தர் மட்டும், "மனுசன் தங்கமாத்தான் இருக்காரு" என்றார். அவர் தொழிலில் தங்கத்தை உரசிப் பார்க்காமல் சொல்லமாட்டார் என்று பிறகு மாஸ்டர் அவரைக் கேலி செய்தார்.

மறுநாள் கீப்பர் என்னிடம் வந்து, "கேட்டீகளாண்ணே?" என்றான்.

"நேரம் ஆயிருச்சுப்பா" என்றேன். அவன் "சரிண்ணே" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை பஸ் பொட்டலைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நானும் வெளியே பார்த்தேன். பொட்டல் வாசலில் பெரிய பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் ஆள் உயரத்துக்கு நான். கையில் பொன்னாடை, முகத்தில் சிரிப்பு. மேலே, 'ரசிகர்களின் பேராதரவுடன் புதிய பயணம்' என்று எழுதியிருந்தது.

"வாங்க வாங்க, விளம்பரத்துல நடிக்கிறவுகல்லாம் பரோட்டா சாப்பிடுவீகளா?" என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். முதல் இரண்டு நாள் அது வெறும் சிரிப்புதான்.

ஒரு மாதம் கழித்து அறிவிப்பு வந்தது. அடுத்த இரண்டு சீசனுக்கு டீமின் சொந்த ஊர் ஆட்டங்கள் மதுரையில் நடக்கும். இங்கே பொட்டலில் 'நவீன வசதிகள்' வரும். அவ்வளவுதான் போட்டிருந்தது. திரும்பி வருவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் ஜேசிபி வந்து இரண்டு கோல் கம்பங்களையும் பிடுங்கிச் சாய்த்தது. செம்மண் தூசி பரோட்டாக் கல் வரைக்கும் வந்தது.

அன்றைக்குக் கடையில் யாரும் சிரிக்கவில்லை. "பையப் பிரிக்காதீகண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றார் பத்தர். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் நான் மறுக்கவில்லை. "போட்டவரு போட்டாரு, தட்டின கை யாரு கை?" என்று மாஸ்டர் கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் இன்றைக்கும் நன்றியாக இருக்கிறேன்.

பொட்டல் அப்பச்சி குடும்பத்துச் சொத்துதானே, அவர்கள் சொன்னால் நிறுத்திவிடலாம் என்று ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. அந்தச் சமயத்தில் மகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார். பத்தரும் நானும் இன்னும் இரண்டு பேரும் போனோம். இந்தத் தடவை கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. வாசல்படி ஏறும்போது அதுவும் எனக்கு உறுத்தத்தான் செய்தது.

அவர் எங்களை உட்காரச் சொன்னார். எங்கள் வயதுக்காரர்தான். சின்ன வயதில் அப்பச்சி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று ஆட்டம் பார்த்தவர். பத்தர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் குழம்பியது. பிறகு என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானே சால்வை போட்டது?"

தலையை ஆட்டினேன்.

அவர் போனை எடுத்து, தேடி, எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அதே படம். கொஞ்சம் பெரிதாக, பின்னால் பதிமூன்று பேர் கைதட்டுவதும் தெரிந்தது.

"கிளப்பைக் கொடுத்தப்பவே இடத்தையும் குத்தகைக்குக் கேட்டாக. நான் ஆறு மாசம் தள்ளிப் போட்டேன். அப்பச்சி இருந்து பார்த்த இடம், ஊர்ல மனக்கஷ்டம் வந்துரக்கூடாதுன்னு பயம். அப்புறம் இந்தப் படத்தை அனுப்புனாக. ஊர்க்காரங்களே மனசாரப் போட்டிருக்காக, நாம என்னத்துக்குத் தடுக்கணும்னு கையெழுத்துப் போட்டுட்டேன். முப்பது வருசம்." அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் அதுக்குத்தானே காத்திருந்தேன்."

பத்தர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பரவாயில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தோம், எழுந்தோம். வாசல் வரைக்கும் வந்து, "வேற ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றார். அவர் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வைக்க ஒரு ஆளைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கிறார்கள்.

மதுரைக்கு ஒரே ஒரு தடவை போனேன். இரண்டரை மணி நேரம் பஸ். நாற்காலிக்கு நம்பர் போட்டிருந்தார்கள். கோலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஓட்டப் பந்தயத் தடம் வளைந்து போனது. நீலச் சட்டைக் கீப்பர் யாரோ ஒரு உயரமான பையன். இடது பக்கம் ஆள் வந்தான். எழுந்து நின்று கத்தினேன். முன் வரிசைக்காரர், "சார், உக்காருங்க, மறைக்குது" என்றார். உட்கார்ந்தேன். அந்தக் கோல் விழுந்ததா இல்லையா என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை.

பொட்டலில் இப்போது நான்கு டர்ஃப். பிளாஸ்டிக் புல், சுற்றியும் மேலேயும் பச்சை வலை. மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்து ஆடுகிறார்கள். காரில் வருகிறார்கள், ஆடிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கம்பெனி கீப்பரை டர்ஃப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு எடுத்துக்கொண்டது. கேட்டைத் திறக்க வேண்டும், நேரம் முடிந்தால் விசில் ஊத வேண்டும். நீலச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். மூட்டை தூக்குவதை விட இது தேவலை, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் நேரம் கிடைக்கிறது என்றான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால் பழக்கத்தில் அந்தப் பக்கம் போய்விட்டேன். மூன்றரை மணி இருக்கும். நல்ல வெயில், உள்ளே ஒரு ஆளும் இல்லை. அவன் என்னைப் பார்த்துவிட்டான்.

"அண்ணே, உள்ள வாங்க. நாலரை வரைக்கும் புக்கிங் இல்ல."

"வேண்டாம்ப்பா. யாரும் ஏதும் சொல்வாக."

"யாரு சொல்வா? உங்க போட்டோதான வாசல்ல தொங்குது. நீங்கதான் இங்க பெரிய ஆளு" என்று சிரித்தான். குத்திச் சொல்லவில்லை. அவனுக்கு அது வராது.

உள்ளே போனேன். செருப்பைக் கழற்றினேன். புல் காலில் சுட்டது. அவன் ஒரு மூலையில் இருந்து பந்தை எடுத்து வந்து, தெற்கு ஓரத்தில் இருந்த சின்னக் கோலுக்கு முன்னால் போய் நின்றான். கையைத் தட்டி, முழங்காலை மடக்கி, பழைய மாதிரியே நின்றான். "அண்ணே, பின்னாடி நில்லுங்க. ஒரு தடவ சத்தம் குடுங்க, கேட்டு நாளாச்சு" என்றான்.

நான் கோலைச் சுற்றிப் பின்னால் போகப் பார்த்தேன். கோல் வலையும் பச்சை வலையும் ஒட்டியிருந்தன. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கக்கூட இடம் இல்லை. பச்சை வலைக்கு அந்தப் பக்கம் வேப்பமரம் நின்றது. அங்கே போய் நிற்பதென்றால் கேட்டைத் தாண்டி, ரோட்டில் இறங்கி, சுற்றிக்கொண்டு வரவேண்டும். மரத்தடியில் இப்போது ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள்.

பக்கவாட்டில் நின்றேன். அவன் காத்திருந்தான். இடது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அங்கே ஆள் யாரும் வரவில்லை. வராத ஆளுக்கு எப்படிச் சத்தம் கொடுப்பது என்று தெரியவில்லை.

வெளியே இரண்டு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. "முன்னாடியே வந்துட்டாக போல" என்று பந்தைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டைத் திறக்க ஓடினான். நான் செருப்பை எடுத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு வழிவிட்டு, ஓரமாக வெளியே வந்தேன்.